ஊற்று ஓவியம் தொடங்க எந்த மீடியம்? ஃபெவிகால், ஃப்ளோட்ரால், லிக்விடெக்ஸ் – ஓர் ஒப்பீடு

அக்ரிலிக் ஊற்று ஓவியத்தில் தூரிகைக்கு வேலையில்லை, வரையத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. வண்ணங்களைத் தனித்தனியாகக் கரைத்து, ஒரே கோப்பையில் அடுக்கி, கேன்வாஸில் கவிழ்த்து, நாலு பக்கமும் சாய்த்தால் படம் தானே உருவாகும். இவ்வளவு எளிதாகத் தெரிவதால்தான் பலர் முதல் வாரத்திலேயே தவறான பொருளில் பணத்தைப் போட்டுவிட்டு, மூன்றாவது படத்தில் சேறு நிறம் வந்ததும் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கலையில் எல்லாமே பதம்தான். அந்தப் பதத்தைத் தருவது வண்ணத்தோடு கலக்கும் மீடியம். அதனால் வண்ணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மீடியத்தைப் பார்ப்போம்.

முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். கை பழகும் வரை, அதாவது முதல் எட்டுப் பத்துப் படங்களுக்கு, ஃபெவிகால் எம்ஆர் போதும். செல்கள் எனப்படும் வட்டவட்டமான கண்ணறைகள் வேண்டும் என்று ஆசை வந்தபின், சுவர் பெயிண்டில் கலக்கும் சேர்க்கைப் பொருளான ஃப்ளோட்ரால். ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்கவோ, விற்கவோ, பல ஆண்டுகள் சுவரில் மாட்டி வைக்கவோ செய்யும் படத்துக்கு லிக்விடெக்ஸ் பவுரிங் மீடியம் போன்ற, இதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அட்டைப்பெட்டியில் வரும் 'ஸ்டார்ட்டர் கிட்' எந்தக் கட்டத்திலும் தேவையில்லை.

கிட் ஏன் வேண்டாம் என்பது வெறும் கணக்குதான். கேன்வாஸின் நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் பெருக்கி, வரும் எண்ணை 1.2ஆல் பெருக்கினால், ஏறத்தாழ எத்தனை மில்லி கலவை வேண்டும் என்று தெரியும். 8க்கு 10 அங்குலம் என்றால் 80 சதுர அங்குலம், 96 மில்லி. அடியில் முதலில் பரப்பும் மெல்லிய பூச்சுக்கு இன்னொரு 20 மில்லி. ஆக, ஏறத்தாழ 120 மில்லி. 12க்கு 12 அங்குலத்துக்கு அடிப்பூச்சைச் சேர்க்காமலே 170 மில்லி ஆகும். கலந்த நிலையில் வரும் கிட்டுகளில் பெரும்பாலும் 60 மில்லி பாட்டில்கள். எட்டு பாட்டில் இருந்தாலும் மொத்தம் 480 மில்லி, அதாவது சின்னப் படங்கள் நாலு. அதிலும் வெள்ளை 60 மில்லிதான். ஒவ்வொரு படத்துக்கும் கலவையில் பாதியளவு வெள்ளையே போகும் என்பதால் முதல் படத்திலேயே அது காலியாகிவிடும். மீதி ஏழு பாட்டில் வண்ணங்கள் வெள்ளையில்லாமல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். 15 மில்லி குப்பிகள் பன்னிரண்டு அடங்கிய சாதாரண அக்ரிலிக் பெட்டியும் இதற்கு உதவாது.

ஆகவே, வண்ணம் வாங்கும்போது வெள்ளை 500 மில்லி, மற்றவை 100 மில்லி வீதம் மூன்று. அவ்வளவுதான். எந்த மூன்று என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

ஃபெவிகால் எம்ஆர்

பிடிலைட் நிறுவனத்தின் இந்த வெள்ளைப் பசை தெருமுனை ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். வாங்கும்போது எம்ஆர் என்று பார்த்து வாங்க வேண்டும். ஆசாரிகள் பயன்படுத்தும் எஸ்ஹெச் மிகவும் கெட்டி. அதைக் கரைக்க ஊற்றும் தண்ணீரே கலவையைக் கெடுத்துவிடும். தண்ணீரைத் தாங்குவதற்கென்று வரும் மரைன் வகையும் இந்த வேலைக்கானது இல்லை.

கலவை: ஃபெவிகால் 70 பங்கு, தண்ணீர் 30 பங்கு. இதை முதலில் தனியாகக் கலந்துகொள்ள வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீராக இருந்தால் பசை கட்டியில்லாமல் சீக்கிரம் கரையும். பிறகு இந்தக் கலவையில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு அக்ரிலிக் வண்ணம். 120 மில்லி வேண்டும் என்றால் வண்ணம் 40, ஃபெவிகால் 56, தண்ணீர் 24. இந்தக் கணக்கில் அரைக் கிலோ ஃபெவிகாலில் 8க்கு 10 அங்குலப் படங்கள் எட்டு தேறும். இவ்வளவு மலிவாக இவ்வளவு பயிற்சி வேறெதிலும் கிடைக்காது.

இது நன்றாகச் செய்வது இரண்டு. காய்ந்தால் கண்ணாடிபோல் தெளிவாகிவிடுகிறது, வண்ணம் மங்குவதில்லை. கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பதால் வண்ணங்கள் அவசரப்பட்டு ஒன்றோடொன்று கலப்பதும் இல்லை. சாய்க்கும் கை பழகாதவருக்கு இது பெரிய பாதுகாப்பு. கோடுகள் கோடுகளாகவே நீளும். பளிங்கு போன்ற வரிகள் வேண்டுமென்றால் ஃபெவிகாலே அழகாகக் கொடுக்கும்.

குறைகளும் உண்டு. ஒட்டுவதற்காகச் செய்த பொருளை ஓவியத்துக்குக் கேட்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டே அவற்றைச் சொல்ல வேண்டும். இதன் அடிப்படை பாலிவினைல் அசிடேட். அது 30, 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கும் பொருள். சென்னையிலோ மதுரையிலோ கத்திரி வெயிலில் இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் தோல் உரியும். நடுவில் சிலிக்கான் பூசிய வெண்ணெய்த்தாள் வைத்தே அடுக்க வேண்டும். தண்ணீர் பட்டாலும் மேல்தோல் இளகி வெளிறும். ஆண்டுக்கணக்கில் மஞ்சளாகாமல் இருக்கும் என்றும் நம்ப முடியாது. கலக்கும்போது குமிழி நிறையப் பிடிக்கும். அவை வெடிக்காமல் காய்ந்தால் அம்மைத் தழும்புபோல் சின்னச் சின்னக் குழிகள் விழும். செல்கள் தாமாக வருவது அரிது.

ஃப்ளோட்ரால்

அமெரிக்காவில் ஃப்ளட் என்ற பெயரில் வரும் பொருள். வீட்டுச் சுவருக்கு எமல்ஷன் அடிப்பவர்களுக்காக வந்தது இது. பெயிண்ட் சீக்கிரம் காய்ந்து தூரிகைக் கோடு விழாமல், மட்டமாகப் படிய உதவும் சேர்க்கைப் பொருள். ஊற்று ஓவியர்கள் அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். 946 மில்லி, 3.78 லிட்டர் என்ற அளவுகளில் வரும். இந்தியாவில் இணையத்தில்தான் வாங்க வேண்டும், இறக்குமதி விலை சேரும். அமெரிக்க ஃப்ளோட்ராலும் ஆஸ்திரேலிய ஃப்ளோட்ராலும் ஒரே பெயரில் வந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பூ விரிந்ததுபோன்ற படங்களைச் செய்கிறவர்கள் ஆஸ்திரேலியப் பாட்டிலைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். ஒரு செய்முறையைப் பார்த்துச் செய்யும்போது அதில் எது என்று கவனியுங்கள். இல்லாவிட்டால் பலன் வராததற்கு உங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்வீர்கள்.

கலவை: ஃப்ளோட்ரால் இரண்டு பங்கு, வண்ணம் ஒரு பங்கு, பிறகு பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். 120 மில்லிக்கு ஃப்ளோட்ரால் 75 மில்லி ஆகும் என்று வைத்தால் ஒரு 946 மில்லி பாட்டிலில் பன்னிரண்டு சின்னப் படங்கள். ஊற்றுவதற்கு முன் வடிகட்டியே ஆக வேண்டும். பாட்டிலுக்குள்ளேயே சளிபோன்ற சின்னக் கட்டிகள் இருக்கும். அப்படியே கலந்தால் காய்ந்தபின் படத்தின் மேல் மணல் துகள்போல் துருத்தும். பழைய நைலான் சாக்ஸோ மெல்லிய வேட்டித் துணியோ போதும். டீ வடிகட்டியின் கண் இதற்குப் பெரிது.

இதன் தனிச் சிறப்பு செல்கள். செல்களுக்காகச் சேர்க்கும் சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லாமல், சரியான பதத்தில், வெள்ளையை மேலடுக்கில் வைத்தால் சின்னச் சின்னச் செல்கள் தாமாகத் திறக்கும். மேலே லேசாகத் தீயைக் காட்டினால் இன்னும் திறக்கும். ஆனால் காய்ந்தபின் மேற்பரப்பு மங்கலாகிவிடும். ஈரமாக இருக்கும்போது மின்னிய நீலம் மறுநாள் சுண்ணாம்பு பூசியதுபோல் தெரிவதைப் பார்த்துப் பலர் மனம் உடைகிறார்கள். படம் கெட்டுப்போகவில்லை, வார்னிஷ் அடித்தால் ஈரத்தில் பார்த்த நிறம் அப்படியே திரும்பும். அதாவது, ஃப்ளோட்ராலோடு வார்னிஷ் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

லிக்விடெக்ஸ் பவுரிங் மீடியம்

மூன்றில் இது ஒன்றுதான் ஓவியத்துக்கென்றே செய்யப்பட்டது. 237, 473, 946 மில்லி பாட்டில்கள் உண்டு. இதன் கலவைக் கணக்கே வேறு: ஒரு கோப்பை, அதாவது 240 மில்லி மீடியத்துக்கு ஒரு மேசைக்கரண்டி வண்ணம், அதாவது 15 மில்லி. ஃபெவிகாலில் பழகியவர்கள் அதே பழக்கத்தில் இதிலும் மூன்றில் ஒரு பங்கு வண்ணத்தைக் கொட்டிவிட்டு, கலவை கெட்டியாகிறது என்று தண்ணீரையும் ஊற்றிவிடுகிறார்கள். பிறகு எந்த மீடியமானாலும் ஒன்றுதான் என்று சொல்கிறார்கள். வண்ணத்தைக் குறைத்தால்தான் இந்தப் பொருளின் குணம் தெரியும்.

8க்கு 10 அங்குலப் படம் ஒன்றுக்கு மீடியம் 113 மில்லி, வண்ணம் 7 மில்லி. 237 மில்லி பாட்டிலில் இரண்டு படங்கள்தான். விலையைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஆனால் ஃபெவிகால் கலவையில் 40 மில்லி வண்ணம் போன இடத்தில் இங்கே எட்டு மில்லிகூட இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விலை உயர்ந்த ஆர்ட்டிஸ்ட் தர வண்ணங்களை வைத்திருப்பவருக்கு வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இராது. மலிவு வண்ணம் வைத்திருப்பவருக்கு இரட்டை நட்டம்: நிறமி குறைந்த வண்ணத்தை இந்த விகிதத்தில் கலந்தால் படம் கழுவிவிட்டதுபோல் வெளிறித் தெரியும்.

காய்ந்தபின் இதன் பளபளப்பு வேறு இரண்டிலும் இல்லாதது. பீங்கான் மெருகுபோல், ஈரமாகவே இருப்பதுபோல் தெரியும். வெடிப்பதும் குறைவு. வார்னிஷ் அடிக்காமலே மாட்டலாம். செல்களுக்கு இது ஏற்றதில்லை. தனித்தனி நிறங்கள் ஒன்றன்பக்கத்தில் ஒன்று படுத்திருக்கும் அகன்ற, அமைதியான படங்களுக்கு ஏற்றது. மெல்ல ஊற்ற வேண்டும், குலுக்கவே கூடாது. பிடித்த குமிழி எளிதில் வெளியேறாது.

பதம்

எந்த மீடியமாக இருந்தாலும் கடைசியில் கோப்பையில் இருக்க வேண்டிய பதம் ஒன்றே. ஆப்பம் சுடத் தெரிந்த வீடுகளில் இதை விளக்குவது சுலபம். தோசை மாவு கெட்டி. ஊற்றினால் வண்ணம் மடிந்து மடிந்து விழும், சாய்த்தால் நகராது. ரவா தோசைக் கரைசல் தண்ணி. விழுந்ததும் ஓடி, எல்லா நிறமும் ஒன்றாகிவிடும். நடுவிலுள்ள ஆப்பமாவுப் பதம்தான் வேண்டும். ஆப்பச்சட்டியைக் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் மாவு எப்படி ஒரே வேகத்தில் ஓரத்துக்கு ஏறுகிறதோ, அப்படி ஓட வேண்டும்.

சோதித்துப் பார்க்க, ஐஸ் குச்சியைக் கலவையில் முக்கித் தூக்குங்கள். வண்ணம் அறுபடாத ஒரே இழையாக இறங்க வேண்டும். இறங்கும் இடத்தில் ஒரு சின்ன மேடு தோன்றி, ஒன்றிரண்டு விநாடியில் மறைய வேண்டும். மேடு நின்றுகொண்டே இருந்தால் கெட்டி. மேடே தோன்றாமல் குழி விழுந்தால் தண்ணி. எல்லா வண்ணங்களும் ஒரே பதத்தில் இருப்பது தனித்தனிப் பதத்தைவிட முக்கியம். ஒன்று மட்டும் தண்ணியாக இருந்தால் அது மற்றவற்றின் அடியில் புகுந்து ஓடிவிடும். அந்த நிறத்தைப் படத்தில் தேட வேண்டியிருக்கும். கண்ணளவில் ஊற்றாமல் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துக்கொள்வது இதற்காகத்தான். மறுமுறை அதே பலனும் வரும்.

தண்ணீருக்கு ஓர் எல்லை உண்டு. வண்ணத்தின் அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டித் தண்ணீரைத் தனியாக ஊற்றினால், நிறமியைப் பிடித்து வைத்திருக்கும் அக்ரிலிக் பிணைப்பு பலவீனமாகிவிடும். காய்ந்தபின் விரலால் தேய்த்தால் பொடி வரும். இளக்க வேண்டுமென்றால் மீடியத்தைச் சேர்த்து இளக்குங்கள்.

கலக்கும்போது குச்சியைக் கோப்பையின் அடியிலிருந்து தூக்காமல் மெதுவாகச் சுற்றி, மூடி, குறைந்தது அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். ஃபெவிகால் கலவையை முந்தின இரவே செய்து வைப்பது நல்லது. குமிழிப் பிரச்சினையில் பாதி அதிலேயே தீரும்.

மற்ற பொருள்கள்

வண்ணங்களில் ஃபெவிக்ரில் பாட்டில்கள் ஏற்கெனவே கொஞ்சம் இளகியவை, மீடியத்தில் உடனே கரையும். பழகுவதற்கு இவை வசதி. கேமல் ஆர்ட்டிஸ்ட் அக்ரிலிக் ட்யூபுகள் கெட்டியானவை. ஒரு கரண்டி மீடியத்தோடு மட்டும் முதலில் குழைத்து, களிம்பாக்கி, பிறகு மீதியைச் சேர்க்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். தொடங்குபவருக்கான மூன்று நிறங்கள்: தாலோ நீலம், டர்க்காய்ஸ், தங்கம். வெள்ளையோடு சேர்த்து இவை எப்படிக் கலந்தாலும் சேறாகாது. நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு, ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் வைத்தால் சந்திக்கும் இடமெல்லாம் பழுப்பாகும். அப்படி வைத்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் வெள்ளையை ஓர் அடுக்கு ஊற்றுங்கள். தாலோ நீலம் மிகவும் வீரியமானது; அளவோடு எடுத்தாலே போதும், இல்லையென்றால் படம் முழுக்க அதன் ஆட்சிதான்.

கேன்வாஸ் போர்டு வாங்க வேண்டாம். தண்ணீர் பட்டதும் அட்டை வளைந்து, வண்ணம் ஒரு பக்கம் தேங்கும். மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸே வேண்டும். அதிலும் நடுவில் தொய்வு இருந்தால் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் துணி இறுகும். தொய்வை அப்படியே விட்டால் நடுவில் குளம் கட்டும், அங்கேதான் வெடிப்பும் வரும். பயிற்சிக்கு இன்னும் நல்லது பளபளப்பான சுவர் டைல்ஸ். வீடு கட்டும் இடங்களில் மிஞ்சியவை எளிதில் கிடைக்கும், வளையாது, தொய்யாது. பிடிக்காவிட்டால் ஈரத்திலேயே வழித்துவிட்டு மறுபடி ஊற்றலாம்.

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை அவசியம் வாங்குங்கள். சின்னதாக இருந்தாலும் போதும். இந்தப் பட்டியலிலேயே விலைக்கு மிஞ்சிய பலன் தருவது அதுதான். மேசை அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் காய்வதற்குள் படம் முழுக்க ஒரு பக்கம் நகர்ந்துவிடும். இரவு பார்த்து மகிழ்ந்த படம் காலையில் வேறொன்றாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கோப்பையைக் கவிழ்ப்பது

முதல் படத்துக்குக் கோப்பை கவிழ்ப்பு முறையே போதும். கேன்வாஸின் பின்பக்கச் சட்டத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நான்கு மூலையிலும் புஷ்பின் குத்தி, பிளாஸ்டிக் விரித்த மேசைமேல் நிறுத்துங்கள். ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். 20 மில்லி வெள்ளையை ஊற்றிப் பழைய ஏடிஎம் அட்டையால் முழுக்க, ஓரங்கள் உட்பட, மெலிதாகத் தடவுங்கள். ஈரத்தின் மேல்தான் ஈரம் வழுக்கி ஓடும். இந்த அடிப்பூச்சைத் தவிர்ப்பவர்களுக்கு மூலைகள் மூடாது.

கோப்பையில் வெள்ளை 40, நீலம் 20, டர்க்காய்ஸ் 25, தங்கம் 15 மில்லி. இவற்றை ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு மூன்று தவணையாக, கோப்பையின் உள்சுவரை ஒட்டி, மாற்றி மாற்றி இறக்குங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் கீழ் அடுக்கைத் துளைத்துக்கொண்டு போய்க் கலந்துவிடும். குச்சியால் கிண்டவே வேண்டாம். கேன்வாஸைக் கோப்பையின் வாயில் கவிழ்த்து மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பி வைத்து, ஒரு நிமிடம் விட்டு, கோப்பையைத் தூக்குங்கள்.

இனிச் சாய்ப்பது. அவசரம் கூடாது. முதலில் மிகத் தொலைவிலுள்ள மூலைக்கு ஓட்டி, ஓரம் தாண்டும் முன் நடுவுக்குத் திருப்பி, அடுத்த மூலைக்கு. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு முறை. நாலும் மூடிய பிறகு நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் இன்னும் அழகாகுமே என்று தொடர்ந்தால் செல்கள் நீண்டு, வரிகள் மெலிந்து, கடைசியில் எல்லாம் ஒரே சாம்பல் நீலமாகிவிடும். ஆனால் நடுவில் கனமாக வண்ணம் நின்றால், அதை மட்டும் ஓரத்துக்கு வழிய விட்டுத்தான் ஆக வேண்டும்.

சிலிக்கான் எண்ணெய் சேர்ப்பதானால் 100 மில்லி வண்ணத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு சொட்டு. அதுவும் எல்லா நிறத்திலும் வேண்டாம், ஒன்றில் அல்லது இரண்டில். மூன்று முறை கலக்கி நிறுத்துங்கள். நன்றாகக் கலக்கினால் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து, செல்களும் ஊசிமுனை அளவாகிவிடும். டிரெட்மில் பெல்ட்டுக்குப் போடும் சுத்தமான சிலிக்கான் எண்ணெய் இதற்குப் பொருந்தும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். அவை காயாமல் படத்திலேயே தங்கிவிடும்.

குமிழி உடைக்கச் சமையல் டார்ச்சைப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில், ஓரிடத்தில் நிற்காமல் ஒரு வீச்சு வீசினால் போதும். ஓரிடத்தில் நின்றால் மேல்தோல் மட்டும் வெந்து சுருங்கும். கலவையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்திருந்தால் டார்ச்சைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது, தீப்பிடிக்கும். டார்ச் இல்லாவிட்டால் ஊசிமுனையால் குத்திவிடலாம்.

செல்கள் எதனால் உண்டாகின்றன என்று தெரிந்துகொண்டால் வண்ணம் அடுக்கும் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியிராது. வெள்ளையிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடின் அடர்த்தி, தண்ணீரைப்போல் நாலு மடங்குக்கு மேல். தாலோ நீலம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். கனமானது மேலேயும் லேசானது கீழேயும் இருந்தால், கனம் கீழே இறங்கப் பார்க்கும், லேசானது அதைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். அந்தத் துளைகளே செல்கள். மெக்சிகோவின் சுவரோவியர் டேவிட் ஆல்ஃபரோ சிகேரோஸ் 1930களிலேயே வண்ணத்தின் மேல் வண்ணம் ஊற்றி இதைச் செய்து பார்த்தார். அவர் 1936இல் நியூயார்க்கில் நடத்திய பட்டறைக்கு, பின்னால் வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்து புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கும் வந்திருந்தார். 2015இல் மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த உத்தியை ஆய்வகத்தில் மறுபடி செய்து காட்டி, இது ரேலே-டெய்லர் நிலையின்மை என்று வெளியிட்டார்கள். ஆகவே செல் வேண்டுமென்றால் கேன்வாஸில் வெள்ளை மேலே, நீலம் கீழே. வரி மட்டும் போதுமென்றால் மாற்றி வையுங்கள்.

காய்வதும் வெடிப்பதும்

ஊற்றிய ஒரு மணி நேரத்துக்கு அடி ஓரத்தில் தொங்கும் சொட்டுகளை விரலால் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அவை காய்ந்து, கேன்வாஸ் சுவரில் மட்டமாக உட்காராது. தூசி விழாமலிருக்க, பக்கங்களில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை மேலே கவிழ்த்து மூடுங்கள். மேற்பரப்பு தொடும் அளவுக்குக் காய ஒன்றிலிருந்து மூன்று நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடும். அதற்காக மின்விசிறியை மேலே ஓடவிட்டால் வெடிப்பு நிச்சயம். மேல்தோல் முதலில் காய்ந்துவிடும், அடி ஈரமாகவே இருக்கும்; அடி சுருங்கும்போது மேல்தோல் வறண்ட ஏரிபோல் பிளக்கும். கத்திரி வெயிலில் சூடான அறையிலும், ஏசி காற்று நேராகப் படும் இடத்திலும் இதே கதை. கனமாக ஊற்றியதும் தண்ணீர் மிஞ்சியதும் மற்ற இரண்டு காரணங்கள். விழுந்த வெடிப்பைப் பூசி மறைக்க முயலாதீர்கள், தெரியும். முழுக்கக் காயவிட்டு, மணல்தாளால் தேய்த்து, அதன் மேலேயே இன்னொரு படம் ஊற்றிவிடலாம்.

வார்னிஷுக்கு இரண்டு வாரமாவது, மழைக்காலமானால் நாலு வாரம் பொறுங்கள். சிலிக்கான் போட்ட படத்தில் மேலே எண்ணெய்ப் படலம் இருக்கும். அதை எடுக்காமல் வார்னிஷ் அடித்தால் மீன்கண்போல் வட்ட வட்டமாக விலகி நிற்கும். சோளமாவைத் தூவி, சில மணி நேரம் விட்டு, மெல்லிய துணியால் துடைத்து எடுப்பது எல்லா மீடியத்துக்கும் பாதுகாப்பானது. சோப்புத் தண்ணீரால் துடைப்பது ஃப்ளோட்ராலுக்கும் லிக்விடெக்ஸுக்கும் சரி, ஃபெவிகால் படத்துக்கு வேண்டாம்.

கோப்பையையும் தட்டையும் சிங்க்கில் கழுவாதீர்கள். அக்ரிலிக் குழாய்க்குள் போய்த் தோலாகி அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் விரிப்பில் வழிந்ததை அப்படியே காயவிட்டால் மறுநாள் அழகான தோலாக உரிந்து வரும். அதை வெட்டிக் காதணிக்கும் புத்தக அடையாளத்துக்கும் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். மீந்த கலவையைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் சில வாரம் நிற்கும். ஃபெவிகால் கலவை மட்டும் நாளாக நாளாக இறுகும். திறந்ததும் வடிகட்டி, பதம் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடியின் மேல் மீடியத்தின் பெயர், விகிதம், தேதி மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஃப்ளோட்ரால் வெள்ளையும் ஃபெவிகால் வெள்ளையும் டப்பாவுக்குள் ஒன்றுபோலவே தெரியும்.